தாய்மண்ணோடு பெயர்ப்பது எப்படி? தோட்டம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன: வளர்ந்த செடியை இடம் மாற்றுவது. ஒரு வீட்டில் மதில் எழுப்புகிறார்கள், இன்னொரு வீட்டில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை, சிலர் வீடே மாறுகிறார்கள். செடியை விட்டுப் போக மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறோம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: வாசலில் ஆயா வைத்த அடுக்கு நந்தியாவட்டை நிற்கிறது. ஐந்தடி உயரம் இருக்கும். தினமும் சாமிக்கு அதிலிருந்துதான் பூ. ஜூன் மாதம் அந்த இடத்தில் மதில் வருகிறது. பின்பக்கம் மாற்றினால் பிழைக்குமா? பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் இட்லிப்பூச் செடியை மாற்றினார், பத்து நாளில் காய்ந்துவிட்டது. எங்களுடையது களிமண். (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: பிழைக்கும். ஜூன் வரை அவகாசம் இருப்பது பெரிய வரம். மதில் கட்டுகிற ஆள் வந்து நின்ற பிறகு கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டோம்.

இட்லிப்பூ ஏன் காய்ந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். ஐந்தடிச் செடியின் வேர் அதன் கிளை விரிப்பையும் தாண்டி ஓடியிருக்கும். தோண்டும்போது கையோடு வருவது கொஞ்சம்தான். தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய நுனிவேர்களில் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே நின்றுவிடும். இலையுதிர்க்கும் செடி என்றால் குளிரில் மொட்டையாக நிற்கிற நேரம் பார்த்துப் பெயர்க்கலாம், அப்போது அதற்குத் தண்ணீர்ச் செலவு சொற்பம். நந்தியாவட்டை, இட்லிப்பூ, கார்டீனியா, கமீலியா எல்லாம் பன்னிரண்டு மாதமும் இலையோடு நிற்பவை. தண்ணீர் வரவு பாதிக்கும் கீழே போய்விட, செலவு மட்டும் பழைய கணக்கிலேயே ஓடும். கீழே சொல்கிற வேலைகள் எல்லாமே வரவைக் கூட்டவோ செலவைக் குறைக்கவோதான்.

முதலில் காலம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டுக்குச் சரி. டர்பனில் ஆடி என்றால் மழை குறைந்த குளிர்காலம். போதாததற்கு, உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று வீசுகிற காலமும் அதுதான். ஈரத்துணி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடுகிற அந்தக் காற்று, புதிதாக நட்ட செடிக்கு எமன். வசந்தத்தின் தொடக்கம் வரை அந்த ஆபத்து உண்டு. உங்களுக்கு ஏற்றது சித்திரை பிறக்கிற சமயம், அதாவது ஏப்ரல் நடு. வெயில் தணிந்திருக்கும், ஆனால் மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும். மண் சூடாக இருந்தால்தான் புதுவேர் ஓடும்.

ஏப்ரலில் பெயர்க்கப்போகிற செடிக்கு வேலை இப்போதே, பிப்ரவரியிலேயே ஆரம்பம். தண்டைச் சுற்றி 40 செ.மீ. விட்டத்தில் கயிறு வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அதை ஆறு துண்டாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று துண்டுகளில் மட்டும் கூரான மண்வெட்டியைச் செங்குத்தாக, தகடு முழுவதும் இறங்கும்படி குத்தி வேரை வெட்டுங்கள். தோண்டி எடுக்க வேண்டாம், வெட்டினால் போதும். நான்கு வாரம் கழித்து மிச்ச மூன்று துண்டுகள். இடைப்பட்ட நாளில் மழை ஏமாற்றினால் வாரம் இரண்டு வாளி தண்ணீர். உரம் வேண்டாம். வெட்டுப்பட்ட வேரின் முனையில் சில வாரங்களில் தூரிகை மயிர் போலப் புதுவேர்கள் கொத்தாகக் கிளம்பும். தோண்டுகிற நாளில் 40 செ.மீ. வட்டத்துக்கு வெளியே, 45-ல் தோண்டினால் அந்தக் கொத்து முழுவதும் செடியோடு வந்துவிடும். பக்கத்து வீட்டில் தவறிய இடம் அநேகமாக இதுதான்.

45 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தரைக்கு ஒரு சாண் மேலே தண்டின் குறுக்கு விட்டத்தை அளந்து, அதைப்போல் பத்து அல்லது பன்னிரண்டு மடங்கு விட்டமுள்ள தாய்மண், அதாவது வேரைச் சுற்றிய மண்கட்டி, வேண்டும் என்பது கணக்கு. 4 செ.மீ. தண்டுக்கு 40 முதல் 48 வரை. ஆழம் 30 செ.மீ. போதும், உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் அதற்குள்தான். இதைவிடப் பெரிதாக எடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவுக்கே ஈரமண் 60, 70 கிலோ இருக்கும். தூக்க முடியாமல் நடுவழியில் கீழே போட்டு மண் உடைந்தால் அத்தனை பாடும் வீண். இரண்டு பேர் நிச்சயம் வேண்டும்.

புதுக் குழியை முதலில் தோண்டிவிட்டுத்தான் செடியில் கை வைக்க வேண்டும். அகலம் ஒரு மீட்டர், ஆழம் 28 செ.மீ. அகலம் தாராளமாக இருக்கட்டும், ஆழத்தில் மட்டும் தாராளம் கூடாது. ‘நன்றாக இருக்கட்டும்’ என்று இரண்டடி தோண்டி, அடியில் எருவை நிரப்பி, அதன்மேல் செடியை உட்காரவைப்பவர்கள் உண்டு. அந்த எரு மட்கி அமுங்க அமுங்கச் செடியும் கீழே இறங்கும். தண்டின் கழுத்து மண்ணுக்குள் போய் அழுகும். வேர்மண் கெட்டியான தரையில் உட்கார வேண்டும், 2 செ.மீ. மேலே எட்டிப்பார்த்தாலும் குற்றமில்லை.

களிமண்ணில் இன்னொரு தொல்லை. ஈரத்தில் வெட்டினால் குழியின் சுவர் மண்வெட்டி பட்டு மெழுகிய தரை போலப் பளபளக்கும். வேர் அதை முட்டிவிட்டுத் திரும்பி, சட்டிக்குள் சுற்றுவதுபோலச் சுற்ற ஆரம்பிக்கும். தோட்ட முள்கரண்டியால் சுவரை நாலு பக்கமும் கீறிவிடுங்கள். பிறகு குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் ஆகாது. வேறு இடம் இல்லையென்றால் 10 முதல் 15 செ.மீ. உயரமாக மேடை கட்டி அதில் நடுங்கள்.

பெயர்க்கும் நாளுக்கு முதல் நாள் மாலை இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் ஒரு வாளித் தண்ணீரைத் தாய்மண்ணுக்கு மெதுவாக விடுங்கள். காய்ந்த மண் உதிரும், அப்போதுதான் ஊற்றிய மண் குழையும், ஓர் இரவு ஊறிய மண்தான் கட்டியாக நிற்கும். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்ளே உரசும் கிளை எல்லாம் போக, மொத்தத்தில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை குறைக்கலாம். அதற்குமேல் மொட்டையடிக்காதீர்கள், புதுவேர் விடத் தேவையான உணவை அந்த இலைகள்தான் சமைக்க வேண்டும். வெட்டிய இடமெல்லாம் பால் வடியும். தானே நின்றுவிடும், எதுவும் பூச வேண்டாம். துணியில் பட்டால் கறை, கண்ணில் பட்டால் எரிச்சல், எனவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வடக்கே பார்த்த கிளையில் ஒரு நாடா கட்டி வையுங்கள். நம் நாட்டில் வெயில் வடக்குப் பக்கம் விழுகிறது, புது இடத்திலும் அதே பக்கம் வடக்கே இருந்தால் நிழலில் வளர்ந்த இலைகள் திடீரென்று வெயிலில் பட்டுக் கருகாது.

மாலை நான்கு மணிக்குமேல், அல்லது மூட்டமான நாளில் ஆரம்பியுங்கள். 45 செ.மீ. வட்டத்துக்கு வெளியே ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சுற்றிலும் பள்ளம் பறித்து, 30 செ.மீ. ஆழத்தில் சாய்வாக உள்நோக்கி அடியை அறுங்கள். விரல் பருமனுக்கு மேலான வேர் வந்தால் மண்வெட்டியால் கொத்தாமல் ரம்பத்தால் அறுக்க வேண்டும், கொத்தினால் வேர் கிழியும், தாய்மண்ணும் அதிர்ந்து உடையும். கடைசி அடிவேர் விட்டதும் செடி லேசாக ஆடும். ஒரு பக்கம் சாய்த்து, பாதி சுருட்டிய கோணிச்சாக்கை அடியில் திணியுங்கள். மறுபக்கம் சாய்த்துச் சாக்கின் சுருளை இழுத்து விரியுங்கள். நாலு முனையையும் தண்டோடு சேர்த்துக் கட்டி, சாக்கைப் பிடித்துத்தான் தூக்கவோ இழுக்கவோ வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் கையில் தண்டு மட்டும் வரும்.

குழிமேல் ஒரு நீளக் குச்சியைக் குறுக்கே வைத்து மட்டம் பார்த்து இறக்குங்கள். சணல் சாக்கென்றால் அவிழ்த்து அடியிலேயே மடித்துவிடலாம், மட்கிவிடும். மீலிமீல் (மக்காச்சோள மாவு) வருகிற பிளாஸ்டிக் சாக்கென்றால் கட்டாயம் உருவி எடுத்துவிடுங்கள். தோண்டிய அதே மண்ணைத்தான் திருப்பிப் போட வேண்டும், ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கம்போஸ்ட் கலக்காதீர்கள். களிமண்ணுக்கு நடுவே பஞ்சுபோன்ற எருக்குழி ஒன்று இருந்தால் சுற்றுவட்டத் தண்ணீரெல்லாம் அதில் வந்து தேங்கும். பாதிவரை மண் போட்டு அரை வாளித் தண்ணீர் விட்டு, அது வடிந்து மண் படிந்தபின் மிச்சத்தை நிரப்புங்கள். குதிகாலால் மிதிப்பது மணல் தரையில் பரவாயில்லை, களியில் கூடவே கூடாது.

பாத்தி கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரப்பைக் குழியின் ஓரத்தில் அகலமாகக் கட்டினால் தண்ணீர் சுற்றியுள்ள புது மண்ணுக்குள் போய்விடும். நடுவே இருக்கும் தாய்மண் காய்ந்து கிடக்க, மேலே பார்க்கிறவர் ஈரம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு மாதம் செடி குடிப்பது அந்த 45 செ.மீ. கட்டியிலிருந்து மட்டும்தான். வரப்பை அந்த அளவுக்கே கட்டுங்கள். முதல் வாரம் தினம் பத்து லிட்டர், அடுத்த மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை. குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை பதினைந்து லிட்டர், மழை பிடிக்கும்வரை. இந்த எண்களைவிட உங்கள் விரல் பெரிது: தாய்மண்ணிலேயே, தண்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டு அங்குலம் குத்திப் பாருங்கள். குளிர்ந்து ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை) ஐந்து ஆறு செ.மீ. கனம், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. வடக்கும் மேற்கும் 40 சதவீத நிழல்வலை நான்கு வாரம். உரம் புரட்டாசி வரை கிடையாது. புதுத்துளிர் வந்து இலை முற்றியபின் 3:1:5 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) ஒரு பிடி, முப்பது கிராம், தண்ணீர் விட்ட மண்ணில். அதற்குமுன் போட்டால், குறிப்பாகப் பச்சைக் கோழி எரு போட்டால், அறுபட்ட வேர் வெந்துபோகும்.

கேள்வி: மூன்று வாரத்துக்குமுன் மாற்றிய கார்டீனியா இலையெல்லாம் கொட்டுகிறது. செத்துவிட்டதா? (வாசகர், ஸ்டாங்கர்)

பதில்: கொட்டினால் நல்ல செய்தி. இலையைக் கழற்றிவிடுவது உயிருள்ள கிளை செய்கிற வேலை. இலை பழுப்பாகச் சுருண்டு, உதிராமல் அப்படியே கிளையில் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும், அந்தக் கிளை கழற்றக்கூட நேரமில்லாமல் செத்திருக்கிறது. நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக இருந்தால் இன்னும் ஒரு சாண் கீழே இறங்கிக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கணுவை ஒட்டி வெட்டிவிடலாம். இலை கொட்டிய செடிக்குத் தண்ணீர்த் தேவையும் குறைந்துவிடும். பயந்துபோய் இரண்டு மடங்கு ஊற்றுவதால்தான் பாதிச் செடிகள் அழுகுகின்றன.

கேள்வி: இருபது வருஷத்து அசேலியா நான்கு, வரிசையாக நிற்கின்றன. வண்டி நிறுத்த அந்த இடம் வேண்டும். இப்போது எடுக்கலாமா, ஆகஸ்ட்டில் பூத்து முடியட்டுமா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பெயர்ப்பதற்கென்றே படைத்த செடி அசேலியா. வேர் மயிர்போல மெல்லியது, ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே பாய்போலப் பின்னிக்கிடக்கும். அதனால் முதல் பதிலில் சொன்ன உருண்டை இங்கே வேண்டாம், தோசை போல எடுங்கள்: 60, 70 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம். அகலத்தில்தான் உயிர் இருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் எடுத்தால் இந்த வருஷப் பூவும் கிடைக்கும். பூத்து முடிந்ததும் எடுக்கலாம், ஆனால் அப்போது துளிர் கிளம்பி, வெயிலும் ஏறிவிடும், தண்ணீருக்கு அலைய வேண்டியிருக்கும். ஏப்ரலுக்கே எங்கள் ஓட்டு. கிளை வெட்டுவதை மட்டும் பூத்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தின் மொட்டு கோடையிலேயே கருக்கட்டிவிடுவதால், இப்போது கத்தரி வைத்தால் பூவைத்தான் வெட்டுவீர்கள்.

நடும்போது மூன்று செ.மீ. மேடாக நிற்கட்டும். பைன் ஊசியிலை, மட்கிய பைன் பட்டை கலந்த மண் போதும். சுண்ணாம்பும் சாம்பலும் ஆகாது. புது மதிலின் ஓரம் மிகவும் கெட்ட இடம். மதிலுக்குப் பூசிய சிமென்ட் சாந்து கீழே சிந்திக் கிடக்கும், அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கி அசேலியா இலை மஞ்சளாகும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மூடாக்குக்குள் மண்வெட்டி போட்டுக் கிளறவே கூடாது, அங்கேதான் வேர்.

கேள்வி: போன மே மாதம் கார்டீனியாவை இடம் மாற்றினேன். ஜூலைப் பனியில் கருகி, நவம்பரில் அடியிலிருந்து துளிர்த்தது. இப்போது புது இலைகள் மஞ்சளாக இருக்கின்றன, நரம்பு மட்டும் பச்சை. எருவும் போட்டுப் பார்த்துவிட்டேன். (வாசகர், லெனேஷியா, ஜோஹன்னஸ்பர்க்)

பதில்: மே மாதம் மாற்றியது டர்பன் கணக்கு. மேட்டுநிலத்தில் அது செல்லாது. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை உறைபனி. வேர் பிடிக்காத கார்டீனியாவுக்கு அது இரட்டை அடி. உங்கள் பக்கம் பனி தாங்காத செடிகளைச் செப்டம்பரில், கடைசிப் பனி போனபின் மாற்ற வேண்டும். கமீலியாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அது குளிரைத் தாங்கும், துளிர் விடாமல் பூத்து நிற்கும் குளிர்காலத்திலேயே எடுக்கலாம். கருகியதை உடனே வெட்டாமல் விட்டீர்கள், அதனால்தான் தப்பித்தது. கருகிய குச்சிகள் அடித்துளிருக்குப் போர்வையாக நின்றிருக்கின்றன.

இப்போதைய மஞ்சள் வேறு நோய். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறைவு. பழைய இலைகளில் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறினால் மக்னீசியம் குறைவு, அதற்கு எப்சம் உப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எப்சம் உப்பைக் கொட்டுகிறவர்கள் அதிகம். உங்கள் மண்ணில் இரும்பு இருக்கலாம், வேரால் எடுக்க முடியவில்லை. கார்டீனியாவுக்கு 5 முதல் 6 வரை அமிலநிலை (pH) வேண்டும். லெனேஷியா சுற்றுவட்டாரத்தில் டோலமைட் பாறை உள்ள இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்தோடுதான் வரும். அதை ஊற்ற ஊற்ற மண்ணின் காரம் ஏறும், இரும்பு கட்டிப்போகும்.

எருவை நிறுத்துங்கள். இரும்புக் கீலேட் (வேர் எடுக்கிற வடிவில் இரும்பைக் கட்டிவைத்த மருந்து) வாங்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகையாகப் பார்த்து வாங்குங்கள், காரமண்ணில் நின்று வேலை செய்வது அதுதான். விலை மலிவான ஈ.டி.டி.ஏ. வகை அங்கே சீக்கிரம் சிதைந்துவிடும். பொட்டலத்தில் சொன்ன அளவில் மண்ணில் ஊற்றுங்கள். சில வாரங்களில் புது இலை பச்சையாக வரும், ஏற்கெனவே மஞ்சளானவை முழுவதும் தேறாது. மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட மருந்தில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் போராட்டம் வேண்டாமென்றால், 40 செ.மீ. தொட்டியில் அமிலமண் நிரப்பி அதிலேயே வைத்துவிடுங்கள். குளிரில் தாழ்வாரத்துக்கு நகர்த்தவும் வசதி.

கேள்வி: பூஜைக்கு வைத்திருக்கும் ரோஜாநிற ஒற்றை அரளி, மஞ்சள் அரளி இரண்டையும் புது வீட்டுக்குப் பெயர்க்க வேண்டும். வழி சொல்லுங்கள். (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: சொல்ல மாட்டோம், கோபிக்காதீர்கள். இரண்டுமே தென்னாப்பிரிக்காவின் ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் 1பி பிரிவில் இருக்கின்றன. அந்தப் பிரிவுச் செடியை நடுவது, பெருக்குவது, இடம் மாற்றுவது, கொடுப்பது எல்லாம் சட்டப்படி கூடாது. இருக்கிறதை ஒழிக்கவேண்டியது நிலத்துக்காரர் பொறுப்பு. காய்க்காத அடுக்கரளி வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்கினால் அதை வாங்குங்கள். ஈசனுக்கு வெள்ளைப்பூ வேண்டுமென்றால் நந்தியாவட்டை இருக்கிறது, அம்மனுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும்.

வெட்டும்போது கவனம். பாலும் இலையும் விதையும் விஷம். எரித்தால் புகையும் விஷம், எனவே பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் போட்டுவிடாதீர்கள், அதன் குச்சியில் இறைச்சி கோத்துச் சுடும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி: நாலு வயசு புரோட்டியா ஒன்றை முன்தோட்டத்துக்கு மாற்ற வேண்டும். (வாசகர், ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

பதில்: மாற்றாதீர்கள். வேரைத் தொட்டாலே சுருங்குகிற ஜாதி அது. மேல்மண்ணில் பஞ்சுபோலக் கொத்துக்கொத்தாக வேர் விட்டிருக்கும், எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் அது அறுபடும், அறுபட்டால் பெரும்பாலும் மீளாது. மார்ச் வாக்கில் பாதி முற்றிய நுனிக் குச்சிகளை வெட்டி நட்டு வேர்விடச் செய்யுங்கள், அல்லது புதுக்கன்று வாங்குங்கள். நடும்போது எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட், மாட்டெரு எதுவும் வேண்டாம். பாஸ்பரஸ் அதிகமானால் அதுவே புரோட்டியாவுக்கு நஞ்சு.

மற்றச் செடிகளைப் பெயர்க்க உங்கள் ஊரில் காலமே வேறு. மழை குளிர்காலத்தில் வருவதால் ஏப்ரல் கடைசி, மே. முதல் நல்ல மழை நனைத்தபின். கோடையில் எடுத்தால் தென்கிழக்குக் காற்று இலையை உரித்துவிடும். கேப் ஃபிளாட்ஸ் சமவெளி மணல் நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது, முத்துமுத்தாக மேலேயே ஓடும். குழியை இரண்டு மூன்று முறை நிரப்பி ஊறவைத்தபின் நடுங்கள், இந்த மண்ணில் மட்டும் கம்போஸ்ட் மூன்றில் ஒரு பங்குவரை கலக்கலாம்.

கேள்வி: அமாதுங்குலு வேலியை இரண்டு மீட்டர் தள்ளி நகர்த்த முடியுமா? (வாசகர், பிளஃப்)

பதில்: நம் கிளாக்காய்க்குப் பங்காளிதானே, முரட்டுச் செடி. 40 செ.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரட்டை முள்ளுக்குள் கையே விட முடியாது. தடித்த தோல் கையுறை அவசியம். மணல் தரையில் தாய்மண் நிற்காது, உதிரும். உதிர்ந்தால் ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி, ஒரு மணி நேரத்துக்குள் நட்டுவிடுங்கள். 60 செ.மீ. இடைவெளி. சில செடிகள் போகும், அதற்காக நாலைந்து குச்சியை வெட்டித் தொட்டியில் நட்டு வையுங்கள்.

கேள்வி: பெயர்த்த செடிக்கு ‘அதிர்ச்சி டானிக்’ என்று விற்கிறார்களே, தேவையா? (வாசகி, வெருலம்)

பதில்: கடற்பாசிச் சாறு என்றால் கெடுதல் இல்லை. தண்ணீரை ஒழுங்காக விடாதவருக்கு அது பயன்படாது, ஒழுங்காக விடுபவருக்கு அது அவசியமில்லை.

கேள்வி: எங்கள் கறிவேப்பிலை எட்டடி மரமாகிவிட்டது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள் அதைத்தான் கேட்கிறாள். பக்கியில் (பின்தட்டு திறந்த சரக்கு வண்டியில்) ஏற்றி அனுப்பினால் வருமா? (வாசகி, டோங்காட்)

பதில்: மரத்தை விட்டுவிடுங்கள் அம்மா. எட்டடிக் கறிவேப்பிலையின் ஆணிவேர் ஆழம் போயிருக்கும், அதை அறுக்காமல் எடுக்க வழியில்லை. சுற்றிலும் பக்கக் கன்றுகள் கிளம்பியிருக்குமே, அதே மரத்தின் வேரிலிருந்து வந்தவை, அதே மணம்தான். பென்சில் பருமனில், ஒரு முழ உயரத்தில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுப்பது நல்லது.

கன்றைப் பறித்துத் தொட்டியில் வைப்பதுதான் வழக்கம், வாடுவதும் அதனால்தான். ஒரு முழ உயரம் இருந்தாலும் அதற்குச் சொந்த வேர் நாலைந்துதான், மிச்சமெல்லாம் தாயின் சோறு. ஆகஸ்ட் கடைசியில், தாயையும் கன்றையும் இணைக்கிற வேரை மண்ணுக்குள்ளேயே கூரிய கத்தியால் அறுத்துவிட்டு, கன்றை அந்த இடத்திலேயே ஆறு வாரம் விடுங்கள். தண்ணீர் மட்டும். கொஞ்சம் வாடி, பிறகு நிமிரும். நிமிர்ந்தபின் புதுத்துளிர் காட்டினால் சொந்தமாக வேர்விட்டதென்று அர்த்தம். அப்போது மண்ணோடு எடுத்து 20 செ.மீ. தொட்டியில் வையுங்கள், மேல் இலைகளில் பாதியைச் சமையலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம்.

அனுப்புவது நவம்பரில் இருக்கட்டும், அங்கே பனி போயிருக்கும். பக்கியின் திறந்த தட்டில் நிறுத்தி வைத்தால், 550 கிலோமீட்டருக்கு மேலான பாதையில் அடிக்கிற காற்று பெர்க் காற்றைவிட மோசம். வான் ரீனன் கணவாய் ஏறுவதற்குள் இலை காகிதமாகிவிடும். முதல்நாள் இரவு தண்ணீர் விட்டு, செடியைப் படுக்கவைத்து, மேலே ஈரச்சாக்கும் அதன்மேல் நிழல்வலையும் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வண்டிக்குள் காலடியில் இடம் இருந்தால் அதுவே மேல். போய்ச் சேர்ந்ததும் உடனே வெயிலில் வைக்காமல் பத்து நாள் நிழலில் இருக்கட்டும். முதல் இரண்டு குளிர்காலம் தொட்டியிலேயே, வடக்கு பார்த்த சன்னலோரம். மூன்றாம் வருஷம் செப்டம்பரில், வடக்கு பார்த்த சுவரின் ஓரமாகத் தரையில் இறக்கலாம். ஜூலையில் இலை முழுவதும் கொட்டினாலும் மகள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டாம், அக்டோபர் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.